வாசலில் நிற்பவர்
பிதோலா பேருந்து நிலையத்தின் ஐந்து டிக்கெட் ஜன்னல்களிலும் ஒரே கறுப்புத் திரை, அதில் ஊர்ந்துகொண்டே இருக்கும் வெள்ளைப் புள்ளிகள். தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாத கணினிகள்; காலையில் மாடியிலுள்ள சர்வரைக் கூப்பிட்டு, அது அனுப்புவதை வாங்கித்தான் விழிக்கும். நேற்றுப் புது ரூட்டரை மாட்டிய த்ராயான் தரையில் குந்தியபடி கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுகிறான். "பழசு குப்பைன்னியே தம்பி! இது என்ன, ரெண்டு மடக்கு ரக்கியா சாராயம் உள்ள போனாத்தான் எழுந்திரிக்குமா?" என்கிறாள் டிக்கெட் கொடுக்கும் லென்சே. வரிசை நெளிகிறது. குடைமிளகாய்ப் பெட்டியோடு நிற்கும் ஒருத்தி, "ஓஹ்ரித் வண்டிய நிறுத்தி வைங்கய்யா!" என்று கத்துகிறாள், கண்ணாடிச் சுவரைத் தாண்டி அது டிரைவருக்கு எட்டவில்லை. கதவைத் திறந்து பிடித்தபடி வாசலில் சிகரெட் பிடிப்பவர் வெளியே திரும்பி அதையே கத்துகிறார், பிறகு உள்ளே திரும்பி, "அஞ்சு நிமிஷம்தான் நிப்பாராம்!" என்கிறார். அவரைப் பார்த்த த்ராயானின் கை அப்படியே நிற்கிறது. இந்தக் கூடத்துக் கணினிகளின் கூப்பாட்டை மாடிக்குக் கடத்தும்படி ரூட்டரிடம் அவன் சொல்லவே இல்லை. மடிக்கணினியை இழுத்து, சர்வரின் முகவரியோடு ஒரே ஒரு வரி அடிக்கிறான். புள்ளிகள் நிற்கின்றன. திரைகள் ஒவ்வொன்றாக நீலமாகின்றன. வரிசை முண்டியடிக்கிறது. வாசலில் நின்றவரும் சிகரெட்டை நசுக்கிவிட்டு டிக்கெட்டுக்கு ஓடிவர, கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. வெளியே ஹாரன் அலறுகிறது. மிளகாய்க்காரி மறுபடியும் கத்துகிறாள்.