இரவல் கோடாலி

அன்று காலை லெவின் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் நாலு பேர். வீட்டுக்காரர் ஆரன் லெவின், வயது எண்பத்திரண்டு. அவருடைய மகள் டினா, ஆபீசுக்கு லீவு போட்டிருந்தாள். பக்கத்து வீட்டுத் திருமூர்த்தி, சோபாவின் நுனியில். நாலாவது ஆள் காட்ஸ், மேஜையைக் குத்திக்கொண்டிருந்தார்.

"உனக்கு மூளை இருக்காடா? இரவல் வாங்கின கோடாலி உடைஞ்சா வாங்கினவன்தான் காசு கொடுக்கணும்."

தன் மகன் வீட்டுக்கு வந்து தங்கிய நாள் முதல் திருமூர்த்தி இந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். மான்மவுத் ஜங்ஷன் என்ற அந்த அமெரிக்க ஊரில் இரண்டு டவுன்ஹவுசுக்கும் நடுவே ஒரே சுவர். தினமும் காலையில் காட்ஸின் கார் வந்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் கத்தல் ஆரம்பிக்கும்.

லெவினுக்கு ஞாபக மறதி நோய் என்பது தெருவுக்கே தெரியும். சில நாள் பெற்ற மகளின் பேரே அவருக்கு வராது. அப்படிப்பட்ட மனுஷனை ஒருத்தர் தினமும் முட்டாள் என்று திட்டினால் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

"அடுத்த வீட்டு விஷயம் நமக்கெதுக்கு? பிபி மாத்திரை போட்டீங்களா, அதைப் பாருங்க" என்று மனைவி ஷ்யாமளா தடுத்துப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, தபால் பெட்டி அருகே டினாவைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

டினா முதலில் நம்பவில்லை. அப்பாவும் காட்ஸும் அறுபது வருஷச் சிநேகிதர்கள், தங்கள் வேதத்தின் சட்டங்களைச் சேர்ந்து படிக்கிறார்கள், யூதர்களுக்குப் படிப்பதும் பிரார்த்தனைதான், வாதாடித்தான் படிப்பார்கள் என்றாள்.

"வாதாடறது வேற. நோயாளியை முட்டாள்னு சொல்றது வேற. எங்க வீட்டுப் பூஜை ரூம்ல யாரும் மேஜையைக் குத்த மாட்டாங்க" என்றார் திருமூர்த்தி.

அதனால்தான், "நீங்களும் வந்து பாருங்க, மிஸ்டர் மூர்த்தி" என்று அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள்.

அவர் சொன்னது இப்போது கண்ணெதிரே நடந்தது. லெவினின் தலையில் இருந்த குட்டித் தொப்பி சரிந்துவிட்டது. முகம் சிவந்திருந்தது. வேலை செய்யத்தானே கோடாலியை இரவல் கொடுத்தான், வேலை செய்யும்போதுதானே உடைந்தது, அப்புறம் எதற்குக் காசு என்று அவரும் பதிலுக்குக் கத்தினார்.

"ஸ்கூல் பையனுக்குக்கூட உன்னைவிட நல்லாப் புரியும்" என்றார் காட்ஸ்.

டினா எழுந்தாள்.

"போதும், மிஸ்டர் காட்ஸ். அப்பாகிட்ட மெதுவாப் பேசணும், அவரை மறுத்துப் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். உங்களால முடியலைன்னா நாளையிலேருந்து வராதீங்க."

திருமூர்த்தி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காட்ஸ் டினாவைப் பார்த்தார். பிறகு நண்பர் பக்கம் திரும்பி, கைக்குழந்தையிடம் பேசுகிற மாதிரிச் சொன்னார்.

"சரி, ஆரன். நீ சொல்றதுதான் சரி. காசு கொடுக்க வேண்டாம்."

லெவினின் முகத்தில் இருந்த சிவப்பு அப்படியே வடிந்தது. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"நீயும் மெதுவாப் பேச ஆரம்பிச்சுட்டியா?"

டினாவைக் கையால் காட்டினார்.

"இவ மெதுவாப் பேசறா. டாக்டர் மெதுவாப் பேசறார். நான் என்ன உளறினாலும் எல்லாரும் சரி சரிங்கறாங்க. நீ ஒருத்தன்தான்..." முன்னால் திறந்திருந்த சட்டப் புத்தகத்தை மூடி, அட்டையை முத்தமிட்டு, தள்ளி வைத்தார். "எனக்கு அவ்வளவு மோசமாயிடுச்சா?"

டினா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். காட்ஸ் எழுந்து போய்க் கோட்டை எடுத்துக்கொண்டார்.

அடுத்தவர் வீட்டில் திருமூர்த்தி குரலை உயர்த்திப் பேசியதே கிடையாது.

"காசு கொடுத்துத்தான் ஆகணும்" என்றார்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் விடவில்லை.

"கைநீட்டி வாங்கினான் இல்ல? உடைச்சுட்டு வெறுங்கையோட வந்து நின்னா ஆச்சா? இதுகூடவா உங்களுக்குப் புரியலை?"

"யாரு இந்த ஆளு?" என்று லெவின் மகளைக் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. புத்தகத்தை இழுத்துத் திறந்தார். "யாரா வேணா இருக்கட்டும். இவனும் ஒரு முட்டாள். உட்காருங்க ரெண்டு பேரும்."

காட்ஸ் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு டினாவைப் பார்த்தார். அவள் சம்மதமாகத் தலையை ஆட்டினாள். கோட் நாற்காலி முதுகுக்குப் போயிற்று. மேஜையில் ஒரு குத்து விழுந்தது.

கடைசியில் லெவின்தான் ஜெயித்தார். இரண்டு முட்டாள்களை ஒரே காலையில் மடக்கிவிட்டேன் என்று மகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பசிக்கிறது, சூப் கொண்டு வா என்றார்.

காட்ஸ் கிளம்பியபோது திருமூர்த்தி கார் வரைக்கும் கூடவே போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார், வாய் வரவில்லை.

"பெரிய புத்தகமா இருக்கே. இன்னும் எத்தனை பக்கம் பாக்கி?" என்று கேட்டு வைத்தார்.

"நூத்தி நாலு."

"நீங்க போடற சண்டையைப் பார்த்தா சீக்கிரம் முடிச்சிடுவீங்க."

காட்ஸ் கார்க் கதவைத் திறந்தார்.

"இன்னைக்குப் படிச்சது நாளைக்கு அவனுக்கு ஞாபகம் இருக்காது. அதனால தினமும் இந்தக் கோடாலிதான். தினமும் நான் வேணும்னே தப்பான பக்கம் பேசுவேன், தினமும் அவன் ஜெயிப்பான். போன வருஷமும் பாக்கி நூத்தி நாலு. நாளைக்கும் நூத்தி நாலு."