நடுவில் எங்கும் இறங்காத விமானம்

“நடுவுல எங்கயும் நிக்காம, இதைவிட அதிக நேரம் பறக்குற விமானம் கிடையாதாம்மா?” என்று கேட்டாள் ரெமெதியோஸ்.

மரிகினா கடைத்தெருவில் விமான டிக்கெட் போட்டுத் தரும் ஜோவெலின் தன் காதைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டாள். பிலிப்பைன்ஸின் ஏழாயிரம் தீவுகளில் பாதித் தீவுக்காரர்கள் அவளிடம் வந்திருப்பார்கள். எல்லோரும் சீக்கிரம் போகத்தான் வழி கேட்டார்கள்.

மணிலாவிலிருந்து நியூயார்க் பதின்மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், பதினாறு மணி நேரம். அதற்குமேல் வேண்டுமென்றால் பூமியைத்தான் பிடித்து இழுத்துப் பெரிதாக்க வேண்டும் என்றாள் ஜோவெலின். டோக்கியோவில் இறங்கி, காலை நீட்டி, சூடாக நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று ஆசையும் காட்டிப் பார்த்தாள்.

வேண்டவே வேண்டாம், நடுவில் கதவைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்றாள் ரெமெதியோஸ்.

காரியம் இதுதான். மகன் ஆர்னெலுக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் என்ற சொல் காதில் விழுந்தால் ஆள் ஆவியாகிவிடுவான். போனில் சொன்னால் சிக்னல் போய்விடும். போன கிறிஸ்துமஸுக்கு வந்தவனிடம் நேரிலேயே பேச்சை எடுத்தாள். குப்பையைக் கொட்டிவிட்டு வருகிறேன் என்று போனவன் மூன்று நாள் கழித்துத் திரும்பினான், அதே குப்பையோடு. இந்த முறை அவன் வாயிலிருந்து ‘சரி’யைப் பிடுங்காமல் விடுவதில்லை என்று குழந்தை யேசுவின் முன்னால் சத்தியம் செய்துவிட்டாள்.

ஜோவெலினுக்குச் சிரிப்பு வந்தது. “அப்ப சீக்கிரம் போய் ஆளைப் பிடிக்கணும்ல ஆன்ட்டி? நீங்க என்னடான்னா ஆமை வேகத்துல போற விமானம் கேக்குறீங்க.”

“பேச வேண்டியது நிறைய இருக்குடி.”

செவ்வாய்க்கிழமை விமானம் காலியாக இருந்தது. ரெமெதியோஸ் வியாழக்கிழமைதான் என்று பிடிவாதம் பிடித்தாள். ஜன்னலோரம் வேண்டாமாம், நடைபாதை ஓரம் போதுமாம். பக்கத்து இருக்கை, தேவாலயத்தில் அவளோடு சேர்ந்து பாடும் மரிசெல் என்ற இளம்பெண்ணுக்கு. நியூயார்க்கில் எத்தனை நாள் என்று கேட்டதற்கு, அடுத்த விமானத்திலேயே திரும்பிவிடுவோம் என்றாள். ஒரு சம்மதம் வாங்கப் பாதி உலகத்தைத் தாண்டும் தாயை எண்ணி, முகம் தெரியாத ஆர்னெலுக்காக ஜோவெலின் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை விமானம் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கீழே எங்கு பார்த்தாலும் பசிபிக் கடல். மரிசெல் கைக்கண்ணாடியில் பார்த்து உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டாள்.

சாப்பாட்டு வண்டி அருகில் வந்து நின்றது. கோழியா மீனா என்று புன்னகையோடு குனிந்த விமானப் பணியாளனின் முகத்தில் ரத்தம் வற்றியது.

“எனக்கு மீன்,” என்றாள் ரெமெதியோஸ். “மரிசெலுக்கு என்ன பிடிக்கும்னு நீயே பக்கத்துல நின்னு கேளு ஆர்னெல். அவசரமில்ல, இன்னும் பதினஞ்சு மணி நேரம் இருக்கு.”