வாசகருக்குப் பயனில்லாத வரி

“உன் கட்டுரையில கத்தரிச்செடிகூட வருது, நான் வரலையே?” போன முறை கப்பலுக்குக் கிளம்பும்போது ரகுவரன் மனைவியைக் கேலி செய்தான். தமயந்தி சிரித்து மழுப்பினாள்.

இணையத்தில் எழுதும் எதையும் இப்போது இயந்திரம்தான் திருத்தி வெளியிடுகிறது. நாளை மறுபடி கப்பலேற வேண்டியவன், அவளுடைய மாடித்தோட்டக் கட்டுரைகளுக்கு அது தந்த பிழைப் பட்டியலை இன்றுதான் பார்த்தான்.

“நாற்பத்தோரு கட்டுரையிலயும் கடைசி வரி நீக்கம். ‘சொந்த விஷயம், வாசகருக்குப் பயனில்லை’ன்னு போட்டிருக்கு. ஒரே தப்பையா திரும்பத் திரும்பப் பண்ணுவ, தமா?”

“கடல்ல இருந்து நீங்க படிப்பீங்களேன்னு எழுதினேன். நேர்ல கேட்க வாய் வரலை.”

“அப்படி என்ன எழுதின?”

அவள் அவனுடைய சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

“போதுங்க. இனிமே போகாதீங்க. என்கூடவே இருந்திடுங்க.”