எண்ணெய்க்கடையின் பெயர்

பலகையில் பூசிய வெள்ளை வர்ணம் காய்ந்துவிட்டது. எழுத வேண்டிய பெயர்தான் இன்னும் வரவில்லை.

"சீக்கிரம் சொல்லுங்க ஆச்சி. சாரல் இறங்குததுக்குள்ள எழுதணும்லா" என்றார் தென்காசியிலிருந்து வந்திருந்த வர்ணக்காரர் தாணுமாலயன்.

கோமதியம்மாள் மறுபடியும் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

"கண்ணாயிரமா?"

இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"கண்ணபிரானா? அதுவும் இல்லியா? பொறவு என்ன, மாலைக்கண்ணா? அப்படிப் பலகை மாட்டினா எவன் ஆச்சி எண்ணெய் வாங்குவான்?"

கோமதியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

குற்றாலத்து அருவிக்குப் போகிற பாதையில் ஓலைச் சார்ப்பு ஒன்று பிடித்திருந்தார்கள். குளிக்க வருகிறவர்களுக்கு நல்லெண்ணெயும் சீயக்காயும். இலத்தூரிலிருந்து வந்து மாமியாரும் மருமகளுமாகத் தொடங்குகிற வியாபாரம். இங்கே அவர்களை அறிந்தவர் யாரும் இல்லை.

பட்டாளத்துக்குப் போன மகன் பர்மாப் பக்கம் இருந்தான். அவன் கையெழுத்தைப் பார்த்து எட்டு மாதம். கடைக்கு அவன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று கோமதியம்மாள் ஒற்றைக் காலில் நின்றாள். தன் பெயர் போட்ட கடை காத்துக் கிடக்கும்போது வராமல் எங்கே போய்விடுவான்?

மருமகள் மாடத்திதான் இரண்டு நாளாக, "முப்பிடாதி அம்மன் பேரு போதும் அத்தை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோமதியம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் மகன் பெயரை அவளால் சொல்ல முடியாது. அது அவளுடைய மாமனார் பெயர். பிறந்த நாள் முதல் மகனை "ராசா" என்றே கூப்பிட்டு வளர்த்தவள்.

மாடத்திக்கோ அது புருஷன் பெயர். கட்டியவள் வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும். உறக்கத்தில்கூட அவள் சொன்னதில்லை.

"நல்ல கூத்துதான் போங்க. உங்க மருமகளைப் பாத்தா நாலெழுத்து படிச்சவ மாதிரி இருக்கு. இந்தாங்க, எழுதிக் காட்டச் சொல்லுங்க" என்று தாணுமாலயன் கரித்துண்டை நீட்டினார்.

கோமதியம்மாளுக்கு உயிர் வந்தது. வாயால் சொல்வதுதானே குற்றம்? கையால் எழுதினால் யாருக்கு என்ன கெடுதல்?

"எழுதுட்டி. பலகை ஓரத்துல சின்னதா எழுது."

மாடத்தி கரித்துண்டை வாங்கிக்கொண்டாள். பலகைமுன் குனிந்தாள். ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

பிறகு நிமிர்ந்து, மாமியார் முகத்தைப் பார்த்துக்கொண்டு, வாய்விட்டுத் தெளிவாகச் சொன்னாள்.

"நல்லக்கண்ணு."

"அட, இதுக்கா இம்புட்டு நேரம்!" என்று தாணுமாலயன் நீல வர்ணத்தில் தூரிகையை முக்கினார். முதலெழுத்து பலகையில் பெரிதாக எழுந்தது.

கோமதியம்மாள் அதைப் பார்க்கவில்லை. மருமகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த எழுத்தும் முடிந்த பிறகு கேட்டாள்.

"தந்தியா, கடுதாசியாட்டி?"

"தந்தி, அத்தை. முந்தாநேத்து."