ஒளிரும் கடலில் ஒரு சண்டை

“துடுப்பா போடுறீங்க? கரண்டியால கிண்டுற மாதிரி இருக்கு!” படகின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் இளக்காரமாகச் சொன்னாள்.

“நீ வாயை மூடிட்டு வந்தாலே படகு வேகமாப் போகும்,” என்றான் பின்னால் இருந்தவன்.

நிலா இல்லாத இரவு. துடுப்பு பட்ட இடமெல்லாம், நீரில் மிதந்த நுண்ணுயிர்களால் கடல் நீலமாக ஒளிர்ந்தது. அந்த அழகில் அவள் சொக்கித்தான் போயிருந்தாள். அதை அவனிடம் ஒப்புக்கொள்வாளா என்ன?

“இடது எது, வலது எதுன்னு இன்னுமா தெரியல? இந்த மனுஷனோட எப்படித்தான் குப்பை கொட்டினேனோ!”

பக்கத்துப் படகில் கணவனோடு வந்த புதுப்பெண் சிரித்துவிட்டாள். “அக்கா, உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷமாச்சு?”

“விவாகரத்தாகி ஆறு மாசமாச்சு.”

புதுப்பெண் திகைத்தாள். “அப்புறம் எப்படி ஒரே படகுல?”

“சாமானெல்லாம் பிரிச்சப்போ, படகு தனக்குத்தான்னு ஒத்தைக் கால்ல நின்னார். நிம்மதியா ஓட்டிடுவாரான்னு துடுப்பு ரெண்டையும் நான் வாங்கிக்கிட்டேன். இப்ப நான் வந்தாத்தான் இவருக்குக் கடல்!”

“கடையில வேற துடுப்பு கிடைக்குமே, அண்ணா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் அகப்பட்டுக்கொண்டவன் போலத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் தன் துடுப்பை மெல்லத் தண்ணீரில் இறக்கினாள்.

“இன்னொரு சுத்து போகலாம்,” என்றாள் பிறகு. “இந்தத் தடவையாவது ஒழுங்காப் போடுங்க.”