கன்னத்தில் ஒரு விரல்

அம்மா வகுப்பறைக்குள் நுழைந்ததும், கடைசி பெஞ்சில் மகளோடு உட்கார்ந்திருந்த நால்வரும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தினார்கள்.

உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, முன்னால் நீட்டி, இருக்கையைச் சுட்டினார்கள். வாருங்கள், உட்காருங்கள்.

அம்மாவுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. வீட்டுக்கு வெளியே தன் மொழியில் யாரும் அவளை வரவேற்றதில்லை. வாசலிலேயே ஒரு கணம் நின்றுவிட்டாள். தையல் கூடத்தில் பாதி நாள் அனுமதி கேட்டு நேராக வந்திருந்தாள். தோளில் நீல நூல் ஒன்று ஒட்டியிருந்தது.

மதிப்பெண் அட்டை கொடுக்கும் நாள். ஆசிரியை ஒவ்வொரு பெற்றோராக அழைத்துக்கொண்டிருந்தார்.

கைகளைப் படிக்க எதிரில் உட்கார வேண்டும். ஆகவே அம்மா முன் பெஞ்சில், பிள்ளைகளை நோக்கித் திரும்பி உட்கார்ந்தாள். வாசல் அவள் முதுகுக்குப் பின்னால் போயிற்று.

நடுவில் இருந்தவளுக்குக் கேப்டன் என்று பெயர். கூடைப்பந்து அணி கொடுத்த பட்டம். அம்மா அவள் உயரத்தைக் கையால் அளந்து காட்டி, பந்தைக் கூடைக்குள் போடுவதற்குக்கூடக் குனியத்தான் வேண்டும் போலிருக்கிறதே என்று நடித்தாள். பெஞ்சே குலுங்கிச் சிரித்தது.

"ஆன்ட்டி செம டி. நீ இவ்ளோ வேகமா பேசினதே இல்லையே" என்றாள் கேப்டன்.

மகளும் சிரித்தாள். இந்தப் பெஞ்சில் சிரிப்பதற்கு அவள் இன்னும் முழுதாகப் பழகியிருக்கவில்லை.

போன பருவம் வரை அவள் வாசலை ஒட்டிய முதல் பெஞ்சில், இன்னொருத்தியோடு உட்கார்ந்திருந்தாள். ஊமை வீட்டுப் பெண் என்பதுதான் அப்போது அவள் பெயர். வாயைத் திறந்தால் வெளியே நிறுத்தும் வகுப்பில் கையாலேயே பேச முடியும் என்பது தெரியவந்தபோது, அந்தப் பெயரை வைத்தவர்களே அந்த வீட்டு மொழியைக் கற்க வந்தார்கள். கேப்டன் அவள் பையைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கடைசி பெஞ்சில் வைத்தாள்.

அங்கே ஒருத்திக்குத்தான் இடம் இருந்தது.

"உன் பழைய ஜோடிக்கு ஒரு கைப்பேர் குடு டி. பேரைச் சொன்னா மிஸ்ஸுக்குக் கேட்டுடுது" என்று கேப்டன் பிறகொரு நாள் கேட்டாள்.

மகள் கொடுத்தாள். இரண்டு விரலால் உதட்டைக் கிள்ளி, அழுக்கைச் சுண்டுவதுபோல் காற்றில் சுண்டுவது. யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அது அவளிடம் ஆயத்தமாக இருந்தது.

இப்போது, அம்மாவின் முதுகுக்குப் பின்னால், அந்தப் பழைய ஜோடி தன் அப்பாவோடு வாசலில் வந்து நின்றாள்.

முதலில் பார்த்தவள் கேப்டன்தான். நான்கு கைகள் உயர்ந்தன. கிள்ளின. சுண்டின.

அம்மாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது.

இந்தப் பெண்களின் வயதில் அவள் தெருவில் நடந்தால், பிள்ளைகள் இதைத்தான் செய்வார்கள். சமையலறை விளக்கின் கீழ், தன் கைகள் தெரியும்படி உட்கார்ந்து, ஒரே ஒரு முறை மகளிடம் சொல்லியிருந்தாள். உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது என்று முடித்திருந்தாள்.

அம்மா மார்பருகே, மற்றவர்கள் கவனிக்காதபடி, சிறியதாகக் கேட்டாள்: என்னையா?

இல்லை என்றால், யாரை என்ற கேள்வி வரும். அதன் பின்னால், யார் சொல்லிக்கொடுத்தது என்ற கேள்வி வரும். ஆம் என்றால் எந்தக் கேள்வியும் வராது. அந்தச் சைகை உலகத்துக்கே தெரியும் என்றுதான் அம்மா நம்பியிருந்தாள்.

மகளின் விரல் அம்மாவைச் சுட்டியது. உன்னைத்தான்.

அம்மா தோளில் இருந்த நூலை எடுத்து, விரல்களுக்கிடையே உருட்டி, கீழே போட்டாள். பிறகு பேசினாள்.

பரவாயில்லை. சின்னப் பிள்ளைகள். எனக்காக இவர்களோடு சண்டைக்குப் போய்விடாதே. இப்போதுதான் உனக்கென்று நாலு பேர் கிடைத்திருக்கிறார்கள்.

"அம்மா என்னடி சொல்றாங்க?" என்றாள் கேப்டன்.

"உங்களை ரொம்பப் பிடிச்சிருக்காம்."

ஆசிரியை இவர்கள் பக்கம் கை காட்டி அழைத்தார். அம்மா எழுந்து திரும்பினாள். வாசலில் நிற்பவளைப் பார்த்தாள்.

அணைந்திருந்த முகம் மீண்டும் மலர்ந்தது. ஒரு விரலைக் கன்னத்தில் ஊன்றி, மெல்லத் திருகினாள்.

அது ஒரு பெயர். சாயங்காலம்தோறும் வீட்டுக்கு வந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து, வகுப்பில் வேறு எவரும் கற்பதற்கு வெகு முன்பே அந்த மொழியைக் கற்றுக்கொண்ட பெண்ணுக்கு, அவள் கன்னக்குழியைப் பார்த்து அம்மா வைத்த பெயர்.

அம்மா கேட்டாள்: இப்போதெல்லாம் நீ ஏன் வீட்டுக்கு வருவதே இல்லை?

வாசலில் நின்றவள் அம்மாவின் தோளுக்கு மேலாகக் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அவள் வந்தது முதல் அங்கே உயர்ந்த கைகளில் அவளுக்குப் படிக்கத் தெரியாத கை ஒன்றும் இல்லை. அம்மாவைச் சுட்டிய அந்த ஒரு விரல் உட்பட.

மகள் தன் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

வாசலில் நின்றவள் இரு உள்ளங்கைகளையும் சேர்த்து, புத்தகம்போல் விரித்து, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று நெற்றி உயரம்வரை அடுக்கிக் காட்டினாள்.

படிக்க நிறைய இருக்கிறது என்றாள் அம்மாவிடம், கன்னத்தில் குழி விழ.