ஒன்பதரை மணிக் கதவு

குப்பை வண்டி அக்கா படியேறிப் போய் ஒரு வீட்டுக் கதவைத் தள்ளிப் பார்ப்பது வீடியோவில் தெளிவாகவே தெரிந்தது.

"எங்க வீட்டுக் கதவு," என்றார் தெருச் சங்கத் தலைவர். "கேமரா மாட்டின ஆறு நாளா இதே வேலை. சரியா ஒன்பதரை மணிக்கு."

கூட்டம் கூடியது இதற்காக அல்ல. ஆய்வு மாணவி ஒருத்தி, அந்த வட்டாரத்தில் இரண்டு வருடமாக நடந்த திருட்டுகளைப் பற்றிச் சொல்ல வந்திருந்தாள். எண் தவறிவிடுமோ என்று தாளைப் பார்த்துப் பார்த்தே பேசினாள். பதினாறு திருட்டில் பத்தில் பூட்டே உடைபடவில்லையாம். கதவு திறந்து கிடந்ததாம். பக்கத்து வீட்டுக் கதவை ஒருவருக்கொருவர் கவனித்துக்கொண்டாலே பாதி குறையும் என்றாள்.

எங்கள் வீட்டு நாய் திருடனைப் பார்த்தால் வாலை ஆட்டும், அதையும் ஆய்வில் சேர்த்துக்கொள் என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

தலைவர் சிரிக்கவில்லை. தன் கேமராப் பதிவை அவளுடைய மடிக்கணினியிலேயே போடச் சொன்னார்.

இப்போது எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். தலைவர் கூப்பிட்டனுப்பிய அக்கா அங்கே கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள்.

எதற்குத் தள்ளிப் பார்த்தாய் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவள் தரையையே பார்த்தாள்.

"வாயைத் திறக்க மாட்டேங்கிறா பாருங்க," என்றார் தலைவர். "இந்தத் தெருவுக்கு இவ வேண்டாம்னு இன்னிக்கே எழுதிக் கொடுத்துடலாம்."

"எழுதுங்க சார். ஆனா நான் எதையும் எடுக்கல," என்றாள் அக்கா.

பின்வரிசையிலிருந்து தலைவரின் மனைவி எழுந்தாள். பள்ளிக்கூட டீச்சர்.

"அவ தள்ளிப் பார்க்கல, பூட்டறா. சாவி கொடுத்தது நான்தான். மூணு மாசமா எனக்கு மறதி அதிகமாயிடுச்சு. விட்டதை எடுக்க ஒன்பதுக்கு மேல மறுபடி வீட்டுக்கு வந்துட்டு, பூட்டாமலே ஸ்கூலுக்குப் போயிடறேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு அவகிட்ட கேட்டுக்கிட்டேன்."

தலைவருக்கு முகம் சுண்டிப்போனது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார் மெதுவாக. பிறகு அக்காவிடம் போய், தப்பா நினைச்சிட்டேன்மா என்றார்.

நாய் வீட்டுக்காரருக்கு மட்டும் திருப்தியில்லை. "எதுக்கும் கொஞ்சம் பின்னால ஓட்டும்மா. டீச்சர் கிளம்பறதையும் பார்த்துடுவோம்."

மாணவி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, பின்னால் ஓட்டினாள். பார்த்தாள். நிமிர்ந்தாள். டீச்சரின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"சார்ஜ் தீர்ந்துடுச்சு சார்," என்று மூடிவிட்டாள்.

அதில் எண்பது சதவீதம் சார்ஜ் இருந்தது. எட்டு மணிக்கே போன டீச்சர் திரும்பி வரவே இல்லை. ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, விசிலடித்துக்கொண்டு படியிறங்கியவர் தலைவர்.